ஏழாம் நம்பர் செந்தேள்

ஹார்லிக்ஸ் பாட்டில் காலி.

மாணிக்கராஜ் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினான். ஈரப் பஞ்சு விழுந்தது. நேற்றுப் போட்ட கரப்பான்பூச்சியின் ஒற்றைக் கால் விழுந்தது. தேள் விழவில்லை.

"தாயம்மா!"

கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்த மனைவி, பாட்டிலைப் பார்த்தாள். அடுத்த கணம் அடுப்பு மேடை மேல் நின்றாள். எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

"எங்கய்யா அது?"

"அதான் உன்ன கேக்கறேன். நீ பாக்கலியா?"

"பாத்திருந்தா செருப்பாலயே கதைய முடிச்சிருப்பேன். கேக்கறாரு பாரு கேள்வி!"

மாணிக்கராஜ் பாட்டிலை மறுபடி உதறிப் பார்த்தான். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவன் தற்காலிக அட்டெண்டர். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து தினமும் விடியற்காலை ரயில். சனிக்கிழமை மட்டும் திரும்பும்போது பையில் அந்த பாட்டில் இருக்கும். தேள் இளைத்துக் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தீனி போட ஆளில்லை என்று அங்கே ஆராய்ச்சி செய்யும் சோனியா மேடம்தான் முதல் வாரம் கொடுத்தனுப்பினார். அப்போது அது சாதாரணத் தேள். இப்போது உலக அதிசயம்.

திங்கட்கிழமைதோறும் அதன் வாலில் லேசாகக் கரண்டு வைப்பார்கள். ஒரு சொட்டு விஷம் வரும். அந்தச் சொட்டிலிருந்து விஷத்துக்கான மரபணுவைப் படிப்பார் மேடம். அது ஒரு தேளுக்குப் பிறக்கும்போதே எழுதி வைத்தது, சாகிறவரை மாறாது. முதுகில் எண் எழுதிய இந்த ஏழாம் நம்பருக்கு மட்டும் வாராவாரம் மாறியது!

"எட்டு வாரம், எட்டு விதம். ஒரே தேள்! உலகமே வாயப் பொளக்கப் போவுது மாணிக்" என்றார் மேடம். அதைக் கண்ணால் பார்க்க டில்லியிலிருந்து ஒரு புரொபசர் வந்திருந்தார். நாளை அவர் முன்னிலையில் ஒன்பதாவது சொட்டு. அது முடிந்ததும் மாணிக்கராஜுக்கு வேலை நிரந்தரம். ஆர்டரை டைப் அடித்து மேஜையில் வைத்திருந்தார்கள். கையெழுத்துதான் பாக்கி.

அவன் வாசலுக்கு ஓடினான். நாற்காலியில் மாமனார் துரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் டோக்கன் ரூமில் இருந்தவர். யார் எந்த ஷிஃப்ட், யாருக்கு எந்த ஆழத்து லெவல் என்று போட்டு, ஷாஃப்ட்டில் இறங்குகிறவனுக்கு நம்பர் டோக்கன் கொடுப்பார். மேலே வந்ததும் அதே நம்பரை வாங்கி ஆணியில் மாட்டுவார்.

"மாமா, தேள பாத்தீங்களா?"

"பதறாதீங்க மாப்ள. நம்பர் போட்டது எங்க போவும்? நா இன்னா சொல்றேன்னா…"

"அப்பறம் சொல்லுங்க!"

மாணிக்கராஜ் டெலிபோன் பூத்துக்குப் பறந்தான். ஒரு நாள் அவகாசம் வாங்கினால் போதும்.

"மேடம், ஏழாம் நம்பருக்கு உடம்பு சரியில்ல. நாளைக்கு வேணாம், நாளான்னைக்கு…"

மறுமுனையில் மேடம் அலறினார்.

"உடம்பு சரியில்லையா? அத தொடாத! அசைக்காத! புரொபசர் இங்கதான் இருக்கார். இப்பவே கார்ல கிளம்பறோம். ரெண்டு மணிக்கெல்லாம் அங்க இருப்போம்."

போன் வைக்கப்பட்டது. மாணிக்கராஜ் வைக்க மறந்து, ரிசீவரை மார்போடு அணைத்தபடி நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் இடுக்கியும் பாட்டிலும் எடுத்துக்கொண்டு சுரங்கக் கற்குவியலுக்குப் போனான். நாலாவது கல்லைப் புரட்டியபோது ஒரு செந்தேள் வாலைத் தூக்கியது. ஏழாம் நம்பரின் அதே நிறம், அதே நீளம். அது இடுக்கியில் மாட்டியதா, இடுக்கி அதனிடம் மாட்டியதா என்று புரியாத ஒரு நிமிஷத்துக்குப் பிறகு பாட்டிலுக்குள் விழுந்தது.

இனி முதுகில் வெள்ளையில் ஒரு '7' போட்டால் முடிந்தது. எண் அழிந்தால் எழுதிக்கொள்ள மேடமே ஒரு குப்பி வெள்ளை நகப்பூச்சு கொடுத்திருந்தார். இதுவரை அவன் அதைத் தொட்டதில்லை. மூடியைத் திறந்தான்.

சொட்டுகூட இல்லை. வழித்துத் துடைத்தது போலிருந்தது.

"தாயம்மா! நகப்பூச்ச எடுத்தியா?"

"வெள்ளையவா? பொணத்துக்குக்கூட எவளும் வெள்ள போட மாட்டா. எனக்கெதுக்கு?"

"அப்ப ஒரு குப்பி எப்டி தீந்துச்சு?"

"மாப்ள, அதத்தான் நா…" என்றார் வாசலிலிருந்து துரை.

"சும்மா இருங்க மாமா, நேரமே இல்ல!"

சுண்ணாம்பில் எழுதிப் பார்த்தான். தேள் சிலிர்த்ததில் அது '1' ஆகிப் பிறகு ஒன்றுமில்லாமல் போயிற்று. தாயம்மா மேடை மேலிருந்தே பற்பசை நீட்டினாள். தேள் அதை பாட்டில் முழுக்கப் பூசியது.

மணி ஒன்று. அப்போதுதான் அவனுக்கு மின்னல் வெட்டியது. மேடம் ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு ஊதா விளக்கைக் காட்டினாரே! தேள் பச்சையாக ஜொலித்ததே! ராபர்ட்சன்பேட்டை ஜவுளிக்கடை கல்லாவில், கள்ளநோட்டுப் பார்க்க அதே ஊதா விளக்கு உண்டு. ஓடிப்போய் ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேட்டான்.

"வீட்டுல நோட்டு அடிக்கறியா?" என்றார் கடைக்காரர்.

"தேள் தேடறேண்ணா."

கடைக்காரர் விளக்கைக் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

ஒன்றே முக்கால். ஜன்னலில் கம்பளி, கதவு இடுக்கில் கோணி. பட்டப்பகலில் வீடு சுரங்கம் போல் இருண்டது. மாணிக்கராஜ் ஸ்விட்சைப் போட்டான்.

கூரை மூலையில் பச்சையாக ஒன்று மின்னியது. முதுகில் நம்பர் இல்லை. சமையலறை நிலைப்படியில் இன்னொன்று, அதற்கும் நம்பர் இல்லை. தாயம்மாவின் அரிசி டின்னுக்குப் பின்னால் மூன்றாவது!

"இத்தினி வருசமா இதுங்களோடயா குடும்பம் நடத்தினேன்?" என்று மேடை மேலிருந்து ஒரு குரல் கேட்டது. அழுகையா, கோபமா என்று இருட்டில் தெரியவில்லை.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம்.

"மாணிக்! எங்க என் ஏழு?"

சோனியா மேடம் கோணியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் கண்ணாடியும் குறுந்தாடியுமாகப் புரொபசர். இருட்டையும் ஊதா வெளிச்சத்தையும் பார்த்து மேடம் திகைத்தார்.

"என்ன நடக்குது இங்க?"

மாணிக்கராஜ் விளக்கை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தான். அதன் ஒளி சரிந்து, மாமனாரின் கட்டிலுக்கு அடியில் விழுந்தது.

அங்கே பழைய சோடாப் பெட்டி ஒன்று. மேலே கம்பி வலை. பாட்டில் நிற்கும் மரக் கட்டங்கள் பச்சையாக எரிந்தன.

மேடம் "ஏழு!" என்று கூவி மண்டியிட்டார். முதல் கட்டத்தில் ஒளிர்ந்த தேளின் முதுகில், பூச்சு மறைத்த இடத்தில், கறுப்பாகத் தெரிந்தது ஒரு '7'.

மாணிக்கராஜுக்கு உயிர் வந்தது. ஆர்டர், கையெழுத்து, எல்லாம் கண்முன் வந்தது.

"இங்க… இங்கயும் ஒரு ஏழு" என்றார் மேடம், இரண்டாவது கட்டத்தைக் காட்டி.

வந்த உயிர் பாதி வழியில் நின்றது.

மூன்றாவது கட்டத்தில் 7. நான்காவதில் 7. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. எட்டுத் தேள், எட்டு ஏழு! மேடத்தின் விரல் எட்டாவது கட்டத்திலேயே உறைந்து நின்றது. புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எட்டு எட்டாகவே இருந்தது.

"இதெல்லாம்… யாரு… எப்ப…" என்றார் மேடம்.

"மாமா!" என்றான் மாணிக்கராஜ், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல.

வாசலிலிருந்து துரை பேப்பரை மடித்துக்கொண்டே வந்தார். காலையிலிருந்து முதல்முறையாக எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மேடத்துக்கு மரியாதையாக ஒரு வணக்கம் வைத்தார்.

"ஒரு வாரம் அடி லெவல்ல வெந்தவனையே மறு வாரம் நா கீழ எறக்க மாட்டேம்மா, கரண்டு ஷாக் துன்ன ஜீவன மறுபடி எப்டி அனுப்பறது? வாராவாரம் ஆள மாத்திதான் ஷிஃப்ட் போட்டேன். டோக்கன் மட்டும் அதே ஏழு, இன்னிக்கிதான் பெயின்ட் தீந்துபோச்சு."