மாமாவின் இடுப்பில் கட்டிய கயிறு

கவலைப்படுவதற்குப் படிப்பு தேவையில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், காலேஜ் படித்தவர்களைவிட நேர்த்தியாகக் கவலைப்படுவேன். பஸ்ஸில் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று கவலை. பிடித்துவிட்டால், இப்போது எதற்குப் பிடித்தான் என்று கவலை.

இந்தக் குணத்தால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. எங்கள் பாறசாலைப் பக்கம் எல்லைப் போராட்டம் சூடாக இருந்த வருஷங்கள் அவை. தமிழ் பேசுகிற தாலுகாக்களை மலையாள அரசிடமிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போவார்கள். ஊர்வலத்துக்குத் தடை போடுவார்கள். மீறினால் கைது. உதியன்குளங்கரையில் ஒரு பலசரக்குக் கடையில் சாமான் நிறுத்துக்கொண்டிருந்த நான், போலீஸைக் கண்டால் மலையாளத்திலும் போராட்டக்காரரைக் கண்டால் தமிழிலும் கும்பிடு போடுவேன். (கும்பிடுக்கு ஏது பாஷை என்பீர்கள். பயந்தவனைக் கேளுங்கள், உண்டு.)

பெருங்கடவிளையில் இருந்த என் தாய்மாமாவின் மகள் தங்கம். அவளை எனக்குத்தான் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். திடீரென்று நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பெண் கேட்டு வந்தார். மாமாவின் மனசு ஆடிவிட்டது.

"எலே செல்லப்பா, நாய் கொரச்சா நீ தெங்குல ஏறுவே. எனக்க மகள ஒன்ன நம்பி எப்பிடில அனுப்புவேன்?" என்றார். பிறகு, தங்கை மகன் என்ற இரக்கத்தில் ஒரு வாய்ப்பு கொடுத்தார். "சுசீந்திரம் தேரோட்டத்துக்கு எங்கள கூட்டிட்டுப் போ. ஒருத்தரும் தொலையாம வீட்டுல கொண்டு சேத்தா பெண்ணு ஒனக்கு. இல்லேன்னா வாத்தியாருக்கு ஆக்கும்."

அதற்கு முந்தின வருஷத் தேரோட்டத்தில் மாமி தொலைந்துபோய், சாயங்காலம் ஒரு வளையல் கடையில் கிடைத்திருந்தார். ஆகவே நான் யோசித்தேன். கடையிலிருந்து நல்ல நார்க் கயிறாக, நீளமாக ஒன்று எடுத்துக்கொண்டேன். பித்தளைப் பொத்தான் போட்ட பை இருக்கிறதே, பிக்பாக்கெட்காரன் கை வைக்க மாட்டானே என்று, முதலாளி கொடுத்த காக்கிச் சட்டையையும் மாட்டிக்கொண்டேன்.

சுசீந்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், தெரு முழுக்கத் தலைகள். நான் கயிற்றை எடுத்தேன்.

"இது என்னத்துக்குல?"

"கட்டதுக்கு மாமா."

"ஆர?"

"ஒங்கள."

மாமா என்னைப் பார்த்த பார்வையில் வாத்தியாரின் கல்யாணம் ஏறக்குறைய நடந்துவிட்டது. ஆனால் வளையல் கடையை மறக்காத மாமி, "கட்டட்டும், என்ன கெட்டுப் போவுது?" என்று கையை நீட்டிவிட்டார். மாமாவுக்கும் தங்கத்தின் அண்ணனுக்கும் இடுப்பில் கட்டினேன். மாமிக்கும் தங்கத்துக்கும் மணிக்கட்டில். (தங்கத்தின் கையில் கட்டிய முடிச்சை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினேன். அது மட்டும் பயத்தால் அல்ல.) கயிற்றின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

ரதவீதி முழுக்க எங்களைத்தான் பார்த்தது.

"எவ்வே, சந்தைக்கு ஓட்டிட்டுப் போறீரா?" என்றான் ஒரு சுக்குக்காப்பிக்காரன்.

"முன்னால நிக்கது நல்ல எனமாக்கும். வெல என்ன?" என்றான் பக்கத்தில் இருந்தவன். முன்னால் நின்றது மாமா.

"வீட்டுக்கு வால, ஒனக்கு உண்டு," என்று மாமா என் முதுகைப் பார்த்துச் சொன்னார். தங்கம் தலை நிமிரவே இல்லை. எனக்குத் தேர் என்மேல் ஏறினால் தேவலை போலிருந்தது.

அப்போதுதான் தெருமுனையில் சில இளைஞர்கள், "தமிழ்நாட்டோட சேக்கணும்!" என்று கோஷம் போட்டார்கள். விசில் சத்தம் கேட்டது. லத்தியோடு போலீஸ் ஓடிவர, ஜனம் நாலு பக்கமும் சிதறியது. எல்லாரும் ஓடினார்கள், நாங்கள் மட்டும் ஓட முடியவில்லை. மாமா இடப்பக்கம் இழுத்தார், மச்சான் வலப்பக்கம் இழுத்தான், கயிறு நடுவில் என்னை நிறுத்தி வைத்தது.

பெரிய மீசை வைத்த ஒரு போலீஸ்காரர் எங்கள் முன்னால் வந்து நின்றார். கயிற்றைப் பார்த்தார். என் காக்கிச் சட்டையைப் பார்த்தார். அந்தக் காலத்தில் கைதிகளை இப்படித்தான் இடுப்பில் கயிறு கட்டி வரிசையாக நடத்திப் போவார்கள். அது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"எல்லாவரும் உண்டோடே?" என்று கேட்டார்.

நான் காலையிலிருந்து அதை மட்டும்தானே எண்ணிக்கொண்டிருக்கிறேன்! வாய் தானாகச் சொன்னது: "உண்டு சாரே. ஒருத்தரையும் விடல்ல."

"மிடுக்கன்!" என்று என் தோளில் தட்டினார். பிறகு மாமியைப் பார்த்து, "பெண்ணுங்களும் சமரத்துக்கு எறங்கியாச்சோ!" என்று வியந்தார்.

"நான் சாமி கும்பிட வந்தவளாக்கும்!" என்று மாமி கத்தினார். "பிடிச்சா எல்லாவரும் இதுதன்னே பறயும்," என்றார் போலீஸ்காரர்.

அப்புறம் நடந்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. அவர் லத்தியை நீட்டி, "வழி விடு! மாறு!" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே போனார். பெரிய பெரிய ஆட்களெல்லாம் ஒதுங்கினார்கள். நேராகத் தேர் வரும் வழியில், தாசில்தார் வீட்டு ஆட்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் கொண்டு நிறுத்தி, "தேர் போயிட்டு கொண்டு போயா மதி," என்று, தேர் கடக்கும்வரை வழி அடைப்பு, அப்புறம் கைதிகளைக் கொண்டுபோனால் போதும் என எனக்கு உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

எங்களைச் சுற்றி ஒரு ஆள் கிடையாது. கைதிகளின் பக்கத்தில் யார் நிற்பார்கள்? வடம் இழுபட, தேர் அசைந்து வந்து, கை நீட்டினால் தொடலாம் போல எங்கள் முன்னால் நின்றது. மாமா கயிறு கட்டிய இடுப்போடு தலைக்கு மேல் கைகுவித்து அழுதார். எதிர்ப்பக்க நெரிசலில், ஒற்றைச் செருப்போடு, "அம்மா! அம்மா!" என்று தாயைத் தேடி அலைந்துகொண்டிருந்தார் ஒருவர். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"அது நம்ம வாத்தியாருல்லா?"

நான் கயிற்றின் தலைப்பைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டேன். (வெற்றி பெற்றவன் அதிகம் பேசக் கூடாது.)

திரும்பும் பஸ்ஸில் குழித்துறை தாண்டியதும், பின் ஸீட்டிலிருந்து தங்கம் முதன்முதலாக என்னிடம் பேசினாள்: "ஏட்டேய், இனி அவுக்கலாமா?"

ஏட்டு என்றால் எங்கள் ஊரில் ஹெட் கான்ஸ்டபிள். மாமா சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். அடுத்த மாசமே கல்யாணம்.

பெயர் ஒட்டிக்கொண்டது. என் பிள்ளைகளுக்கு ஊரில் ஏட்டு மக்கள் என்றுதான் பெயர். இப்போதும் போலீஸ் ஜீப்பைக் கண்டால் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்துவிடுவேன். ஆனால் போன வருஷம் பொழியூரிலிருந்து ஒரு பெரியவர் விசாரித்துக்கொண்டே வந்து, "ஏட்டு வீடு இதுதானே? மக வீட்டுக்கு வந்தேன், அவளுக்க கோழியக் களவாண்டுட்டாவ," என்று வாசலில் நின்று புகார் கொடுத்தார். நான் மறுக்க வாயைத் திறந்தேன். தங்கம் உள்ளேயிருந்து, "ஏட்டு இப்பம் வாறாரு," என்று குரல் கொடுத்துவிட்டாள்.

போனேன். தேடினேன். அவர் மகளின் பக்கத்து வீட்டு விறகு அடுக்கின் இடுக்கில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பெரியவர் விறைப்பாக நின்று எனக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

நானும் திருப்பி அடித்தேன்.