பளபளக்கக் கூடாத வண்டி

துணியை எடுத்ததும் கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காக்கை எச்சம் சுத்தமாகப் போயிருந்தது. அது இருந்த இடத்தில், பெட்ரோல் டேங்கின் வலது பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பளபளப்பு வந்து உட்கார்ந்திருந்தது.

வேறு வண்டியாக இருந்தால் எந்த மனிதனும் இதற்குச் சந்தோஷப்பட்டிருப்பான். ஆனால் இது மைத்துனரின் வண்டி. மனைவியின் அண்ணன். அவருடைய வண்டி பளபளக்கவே கூடாது.

"இது மேட், மாப்பிள்ளை. பளபளப்பெல்லாம் சாதாரண வண்டிக்கு" என்று கொண்டுவந்து விட்ட அன்றே சொல்லியிருந்தார். பழைய சிலேட்டு மாதிரி மங்கலான கறுப்பு. ஊரில் மற்ற எல்லோருக்கும் மினுக்குகிற வண்டியைத் தள்ளிவிட்டு, இவருக்கு மட்டும் கம்பெனிக்காரர்கள் வீடு தேடி வந்து மங்கலாகக் கொடுத்த தோரணையில்தான் அவர் பேசுவார். வெளியூரில் வேலை பார்த்தபோது வாங்கி, ஒரு மாதம் கழித்து இங்கே ஓட்டிவந்த வண்டி. அன்றிலிருந்து இரண்டு வருடமாகக் குடும்பத்தில் நாலு பேர் கூடினால் அந்த மேட் பேச்சு இல்லாமல் சாப்பாடு முடிந்ததில்லை. பேச்சு ஆரம்பித்தவுடன் அவர் மனைவி மட்டும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அந்த அம்மாளுக்கு அப்படி என்ன தாகமோ என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொள்வார்.

மைத்துனர் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். விதி எழுதுவது அவருக்கு வியாதி. அவர் வீட்டு வாசலில் குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள். அவரும் மனைவியும் நான்கு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. அதனால் வண்டி இங்கே வந்தது. சாவியோடு ஒரு தாளும் வந்தது. அதில் பதினோரு விதிகள். முதல் விதி, தேய்க்கக் கூடாது. இரண்டாவது, மெழுகு, பாலிஷ் வகையறா கிட்டேயே வரக் கூடாது. நான்காவது, தினமும் காலையில் பத்து நிமிடம் உறையை எடுத்துக் காற்றாட விட வேண்டும். காக்கை அந்தப் பத்து நிமிடத்தைத்தான் தேர்ந்தெடுத்தது.

இதில் வெறும் வண்டி மட்டும் இருந்தால் பரவாயில்லை. மைத்துனர் வீட்டு மாடி காலியாக இருந்தது. இவர்கள் இருந்த வீட்டின் சமையலறைக்கு ஜன்னலே கிடையாது. தாளித்தால் இரண்டு பேரும் வாசலுக்கு வந்து இருமிவிட்டுப் போவார்கள். மாடியிலோ நான்கு ஜன்னல், எல்லாமே பெரிசு. கேட்டுக் கேட்டு, மனைவி அழுது, கடைசியில் மைத்துனர் ஒரு வழியாக இறங்கி வந்தார். வண்டியை விட்ட அன்று மாடிச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு, திரும்பவும் பையிலேயே போட்டுக்கொண்டார்.

"ஒரு வண்டியை நாலு நாள் ஒழுங்கா வெச்சுக்கிறவர், வீட்டையும் ஒழுங்கா வெச்சுக்குவார். வந்து பார்த்துட்டுச் சொல்றேன்."

மனைவி அன்றைக்கே துணி வாங்கி நான்கு ஜன்னலுக்கும் திரை தைத்துவிட்டாள். அது மடித்துக் கட்டில்மேல் இருந்தது.

கண்ணாடிக்காரரின் கைதான் எல்லாவற்றுக்கும் காரணம். இருபது வருடமாக மூக்குக் கண்ணாடிக் கடையில் துடைத்துத் துடைத்துப் பழகிய கை அது. பஸ்ஸில் பக்கத்து ஆளின் கண்ணாடியில் விரல்ரேகை தெரிந்தால்கூட அது அரிக்கும். எச்சத்தை ஈரத் துணியால் ஒற்றி எடுத்ததோடு விட்டிருக்கலாம். ஒரு வளையம் மட்டும் போகாமல் நின்றது. கை தானாகப் பைக்குள் போய், பிளாஸ்டிக் ஃப்ரேமை மெருகேற்ற வைத்திருந்த பசையை எடுத்துக்கொண்டது. மூன்றே சுற்று. அதற்குள் முதல் விதியும் இரண்டாவது விதியும் ஒன்றாகப் போய்விட்டன.

மனைவி வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க, இங்க மட்டும் மின்னுது?"

"மின்னலை. ஈரம்."

அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். "காஞ்சுதான் இருக்கு" என்றாள். அப்புறம் வீட்டுக்குள் திரும்பி, கட்டில்மேல் இருந்த திரைகளைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

முதலில் முகத்துக்குப் போடும் பவுடரைக் கரியோடு குழைத்துத் தடவிப் பார்த்தார். ஒரு நிமிடம் அசலாகப் பொருந்தியது. வெயில் பட்டதும் உதிர்ந்து, டேங்கில் தேமல் வந்தது போல் ஆயிற்று. அதைத் துடைக்கப் போக, பளபளப்பு ஒரு உள்ளங்கை அளவுக்குப் பரவியது.

மனைவி உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்கும் பொடியை எடுத்து வந்து நீட்டினாள். அவர் பதறிப்போய் அதைப் பிடுங்கித் தள்ளி வைத்தார்.

"இதைப் போட்டா பொடிப்பொடியா கீறி மங்கிப் போயிடும்."

"மங்கணும்னுதானே ரெண்டு மணி நேரமா நிக்கிறீங்க?"

மூக்குக் கண்ணாடியைப் பொடி போட்டுக் கழுவிவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று வருகிறவர்களை வாரத்துக்கு நாலு பேர் பார்க்கிறேன், மேட் என்பது வேறு, கீறல் என்பது வேறு, அது தெரியாமல் பேசாதே என்று அவர் விளக்கினார். அவள் பொடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதுதான் அந்த விபரீத யோசனை வந்தது. வலது பக்கம் மட்டும் மின்னுவதால்தானே கறை மாதிரி தெரிகிறது, இடது பக்கமும் அதே அளவு மின்னினால் டிசைன் என்று நினைத்துக்கொள்ள மாட்டாரா. உடனே இடது பக்கம் பசை போட்டார். அது கொஞ்சம் பெரிதாகிவிட்டது. சமன் செய்ய வலது பக்கத்தைப் பெரிதாக்கினார். அது கீழே இறங்கிவிட்டது. இடதை இறக்கினார். மீசை திருத்தத் தெரியாதவன் கதையாக ஏற்றி இறக்கி, பதினோரு மணிக்கு முழு டேங்கும் பளபளவென்று ஆகி, முன் மட்கார்டும் பக்கத்துத் தகடுகளும் அழுது வடிந்துகொண்டிருந்தன.

மனைவி வந்து பார்த்து வாயில் கை வைத்தாள். அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு காக்கை போட்ட புள்ளியிலிருந்து தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. தன் கையை மடியில் வைத்துக்கொண்டு அதை வெறித்துப் பார்த்தார்.

அடுத்த தெருவில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் ஒருவர் இருந்தார். விடுமுறை நாளில் குளித்துக்கொண்டிருந்தவரை அப்படியே துண்டோடு கூட்டிவந்தார் கண்ணாடிக்காரர். மறுபடி மேட் அடித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டதற்கு, முழு வண்டியையும் கழற்ற வேண்டும், எட்டு நாள் ஆகும் என்றார் பெயிண்டர். மைத்துனர் மறுநாள் காலையில் வருவதாக இருந்தார்.

பெயிண்டர் டேங்கைக் குனிந்து பார்த்தார், நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"மேட்டுன்னா இப்படி ஏறாதே சார். திட்டுத் திட்டாத்தான் நிக்கும். இது என்னமோ..."

"என்னமோ ஏறிடுச்சுங்க. இப்ப என்ன செய்யலாம், அதைச் சொல்லுங்க" என்று கண்ணாடிக்காரர் குறுக்கே விழுந்தார். அழுகிற மனுஷனிடம் ஆராய்ச்சி பேசக் கூடாது என்று பெயிண்டரும் விட்டுவிட்டார்.

பாதி மின்னி பாதி மங்குவதுதான் அசிங்கம், முழுசாக மின்ன விட்டால் பார்க்கிற கண்ணுக்காவது ஒரே மாதிரி இருக்கும் என்பது பெயிண்டரின் தீர்ப்பு. கடையிலிருந்து ஒரு டப்பா மெருகுப் பசையும் ஒரு டப்பா மெழுகும் கொண்டுவந்து கொடுத்தார். முதலில் பசையால் தேய்க்க வேண்டும். பிறகு மெழுகை மெல்லிசாகத் தடவி, வெள்ளையாகக் காயும்வரை காத்திருந்து, சுத்தமான துணியால் எடுக்க வேண்டும். நிழலில் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். கண்ணாடிக்காரர் அதை மட்டும் கேட்கவில்லை.

மாலை நான்கு மணிக்கு வண்டி முழுக்க மெழுகு பூத்து, வெயிலில் இறுகி, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றது. அந்த நேரம் பார்த்து மனைவியின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவளின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணன் ஒரு நாள் முன்னாடியே வந்துட்டாங்களாம். அண்ணியும் கூட வர்றாங்க. ஆட்டோவுல, நம்ம தெரு முனையில இருக்காங்க."

இருவரும் துணியை எடுத்துக்கொண்டு பாய்ந்தார்கள். அவர் டேங்கில், அவள் மட்கார்டில். கை கழன்றுவிடும் போல் தேய்த்தார்கள். துணி போதாமல் அவள் உள்ளே ஓடிக் கையில் கிடைத்ததை எடுத்து வந்தாள். அது மாடிச் சமையலறை ஜன்னலுக்குத் தைத்த திரை. அதைப் பார்த்தும் இரண்டு பேரும் நிறுத்தவில்லை.

ஆட்டோ வந்து நின்றபோது கடைசி வெள்ளையும் போயிருந்தது. வண்டி நின்ற நிலையைப் பார்த்துக் கண்ணாடிக்காரரே ஓரடி பின்னுக்குப் போனார். இருபது வருடத்தில் அவர் துடைத்த எந்தக் கண்ணாடியும் இப்படி மின்னியதில்லை. டேங்கில் வானம் தெரிந்தது, எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த சட்டை தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வரும் மைத்துனரின் முகமும் தெரிந்தது.

மைத்துனர் பையை அப்படியே கீழே போட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டேங்கைத் தொடப் போய், விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இது... இது எப்படி..."

கண்ணாடிக்காரர் எதையும் மறைக்கவில்லை. காக்கையிலிருந்து ஆரம்பித்து, பவுடர், கரி, இடது பக்கம், வலது பக்கம் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

"தப்பு என்னோடதுதான் மச்சான். அவளுக்கு இதுல சம்பந்தமே இல்லை. அவ பாவம், திரையெல்லாம் தைச்சு வெச்சுட்டா."

மனைவி அழுக்கான திரையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

மைத்துனருக்கு இப்போதுதான் குரல் திரும்பியது. திரும்பியதும் தெருவே கேட்கிற மாதிரி திரும்பியது. பதினோரு விதியையும் வரிசையாகச் சொன்னார். இப்படி ஒரு மேட் இனி எந்த ஊரிலும் கிடைக்காது என்றார். ஆட்டோக்காரர் போகாமல் நின்று கேட்டார். பெயிண்டரும் துண்டோடு தெரு முனையில் வந்து நின்றார். மைத்துனர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே மாடிச் சாவி சத்தம் போட்டது.

"தங்கச்சி, நீ வருத்தப்பட்டாலும் சரி. வண்டியைக் கெடுத்தவங்களுக்கு என் வீட்டுல இடம் கிடையாது."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார்.

ஆட்டோவிலிருந்து மெதுவாக இறங்கி வந்த மைத்துனரின் மனைவி, வண்டியை ஏற இறங்கப் பார்த்தார். டேங்கில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக் கலைந்த முடியைச் சரிசெய்துகொண்டார். இந்த முறை தண்ணீர் குடிக்கப் போகவில்லை. கணவரின் சட்டைப் பையில் கை விட்டுச் சாவியை எடுத்து நாத்தனாரின் கையில் வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி நிதானமாகக் கேட்டார்:

"வண்டியைக் கெடுத்தவங்களுக்கு நம்ம வீட்டுல இடமில்லைன்னா, வாங்கின மறுவாரமே பாத்திரம் தேய்க்கிற பொடியைப் போட்டு இதே பளபளப்பை ஒரு இடம் விடாம தேய்ச்சு எடுத்த நீங்க எங்க போய்த் தங்கப் போறீங்க?"