தெர்மாமீட்டர் சிஸ்டரும் அப்பாவின் நூற்றெட்டு டிகிரியும்

தெர்மாமீட்டரை வைத்து ஒரு மனிதனின் வாயை மூன்று நிமிடம் அடைத்து வைக்கலாம் என்று உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் சிஸ்டர்தான். காய்ச்சல் பார்ப்பதெல்லாம் அதற்கு இரண்டாவது உபயோகம்.

சிஸ்டர் என்றதும் கன்னியாஸ்திரி என்று நினைத்துவிட வேண்டாம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். சொந்தப் பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. தெர்மாமீட்டரை எப்போதும் கொண்டையில் செருகிக்கொண்டு நடப்பார், அதனால் தெர்மாமீட்டர் சிஸ்டர். பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கோடை லீவுக்குப் பிள்ளைகளைத் தங்கவைத்து பத்து நாள் கேம்ப் நடத்துவார்கள். அதில் நாலு பெஞ்சை இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்ட ஒரு வகுப்பறைக்கு சிக் ரூம் என்று பெயர். அதன் ராணி இவர்.

நான் ஏழாம் கிளாஸ் முடித்த லீவில் அந்தக் கேம்புக்குப் போனேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தொடக்க விழாவுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்தார், விடவில்லை. அறுபது பிள்ளைகளும் வெயிலில் வதங்கிக்கொண்டிருந்தோம். சிஸ்டர் மேடையில் ஏறி, "சாரே, முகம் செவந்து இருக்கே" என்று சொல்லி, அடுத்த வார்த்தைக்காக அவர் திறந்த வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "பிள்ளேரே, போய் காப்பி குடியுங்கோ" என்றார். மூன்று நிமிடம் கழித்து பெரியவருக்குக் காய்ச்சல் இல்லை என்று தெரிந்தது. கேட்பதற்கும் ஆள் இல்லை.

கேம்பில் மூன்றாவது நாள் எல்லாருக்கும் வயிறு வலிக்கும். அது கஞ்சியின் குற்றம் இல்லை, வீட்டு நினைப்பு. சிக் ரூம் வாசலில் வரிசை நிற்கும். சிஸ்டர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பார், முகத்தைக் கவனித்துக்கொண்டே, "வைகுந்நேரம் பழம்பொரி உண்டு கேட்டியா" என்பார். சாயங்காலம் வாழைப்பழ பஜ்ஜி என்றதும் கண் விரிந்தால் சீக்கு வயிற்றில் இல்லை. அப்புறம்தான் உண்மையான கேள்வி வரும்.

"உள்ளதச் சொல்லு மக்கா. இது ஆருக்க நோவு? அம்மைக்க நோவா, அப்பனுக்க நோவா?"

தங்கச்சி நோவு, கன்னுக்குட்டி நோவு என்று ஒவ்வொருவராக ஒப்புக்கொள்வார்கள். கோட்டுகால் பக்கத்துக் கடற்கரைப் பையன் ஒருவன் வெகுநேரம் யோசித்து, "கடலு நோவு" என்றான். அலைச் சத்தம் இல்லாமல் அவனுக்குத் தூக்கம் வராதாம். சிஸ்டர் அதையும் சாதாரணமாக எடுத்துக்கொண்டார். மத்தியானம் அவனைப் படுக்கவைத்துவிட்டு, எங்களில் நாலு பேரிடம் காய்ந்த தென்னை ஓலையைக் கொடுத்து முற்றத்தில் அங்கோட்டும் இங்கோட்டும் இழுக்கச் சொன்னார். "மெதுவா இழுங்கோடே, அல பதுக்கத்தான் வரும்." பையன் குறட்டை விட்டான். அந்தப் பள்ளிக்கூட முற்றம் அவ்வளவு சுத்தமாக இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

சிரித்துக்கொண்டு ஓலை இழுத்த எனக்கும் நாலாம் நாள் காலையில் வயிறு வலித்தது.

காலை உடற்பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ரோட்டில் ஒரு அம்பாசடர் வந்தது. தலையில் கயிறு கட்டிய பெட்டிகள், உள்ளே மூச்சுவிட இடமில்லாமல் சொந்தக்காரர்கள். பின் ஜன்னலில் நெருக்கிக்கொண்டு ஒரு முகம் தெரிந்தது, என் அப்பா. மஸ்கட்டிலிருந்து மாதக் கடைசியில் வரவேண்டியவர். முதலாளி லீவை முன்னால் தள்ளிவிட்டார், அதுவும் பதினைந்தே நாள். அப்பா என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். உள்ளே இருந்த சத்தத்தில் அவர் சொன்னது முன்னால் கேட்கவில்லை போலிருக்கிறது, கார் நிற்கவில்லை. டிரைவருக்கு நான் யார் என்று எப்படித் தெரியும்?

அப்பாவைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பதினைந்து நாளில் ஏழு நாள் கேம்புக்கே போய்விடும். நான் நேராக சிக் ரூமுக்கு ஓடினேன்.

"அப்பனுக்க நோவு" என்று கேள்வி வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. "உன்ன வீட்டுக்கு விட எனக்குக் கழியாது மக்கா. அது செக்ரட்டறிக்க சட்டம்" என்றார்.

கேம்பை நடத்தும் செக்ரட்டறி சார் சட்டத்தை உண்டு சட்டத்தை உடுத்தும் மனிதர். அவரையும் குறை சொல்ல முடியாது. போன வருஷம் கல்யாண வீட்டுக்கு என்று ஒரு பையனை விட்டார். அதைப் பார்த்து மற்ற அம்மாமார் வந்து ஒவ்வொன்றாக அழைத்துப் போய், சாயங்காலம் கேம்பில் அவரும் சமையல்காரரும் மட்டும் மிஞ்சினார்கள். அதிலிருந்து நோட்டீஸில் கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டார்: பத்து நாள் முடியாமல் எந்தப் பிள்ளையும் வெளியே போகக்கூடாது, பெற்றோர் யாரும் உள்ளே வரக்கூடாது.

அப்பா விடவில்லை. அன்று சாயங்காலம் நான் மறந்த துவர்த்துத் துண்டைக் கொண்டுவந்தார். செக்ரட்டறி கேட்டில் துவர்த்தை வாங்கிக்கொண்டு அப்பாவைத் திருப்பி அனுப்பினார். மறுநாள் குடையோடு வந்தார். குடை உள்ளே வந்தது, அப்பா வரவில்லை. ஆறாம் நாள் கொண்டுவரப் பொருள் ஒன்றும் மிச்சமில்லை போலிருக்கிறது. எதிரே சாயாக்கடையில் வெறுங்கையோடு நின்றுகொண்டு, எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இந்தப் பக்கம் கம்பியைப் பிடித்து நின்று அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுகை நிற்கவில்லை.

சிஸ்டர் என்னைப் பார்த்தார், சாயாக்கடையைப் பார்த்தார். கொண்டையிலிருந்து தெர்மாமீட்டரை உருவிக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். ஜன்னலில் இருந்தபடி எல்லாம் எனக்குத் தெரிந்தது. ஒரு சாயா வாங்கினார், பாதி குடித்தார். அப்பாவிடம் ஏதோ கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த நிமிஷம் சிஸ்டர் அவருடைய கையைப் பிடித்து கேட்டுக்கு இழுத்து வந்துவிட்டார். இன்னொரு கையில் சாயா கிளாஸ், கிளாஸுக்குள் தெர்மாமீட்டர்.

"சிஸ்டரே, இது சரியாவாது. பெத்தவங்க உள்ள வரக்கூடாதுண்ணு நோட்டீஸ்ல உண்டு" என்றார் செக்ரட்டறி, கேட்டில் கையை வைத்துக்கொண்டு.

"இவரு பெத்தவரா வரல்ல சாரே, தீனக்காரனா, சீக்காளியா வாறாரு. அதே நோட்டீஸ்ல அடியில என்ன எழுதியிருக்கு? வாசியும்."

செக்ரட்டறிக்கு வாசிக்கத் தேவையில்லை, எழுதியதே அவர்தான். 'பொதுமக்களுக்கும் இலவச முதலுதவி உண்டு' என்று கேம்பின் பெருமைக்காகச் சேர்த்த வரி அது. மனிதர் அசரவில்லை. "காய்ச்சல் எத்தன? நான் பாக்கணும்" என்று கையை நீட்டினார்.

சிஸ்டர் கிளாஸிலிருந்து எடுத்து, முந்தானையில் துடைத்துக் கொடுத்தார். செக்ரட்டறி வெயிலில் உயர்த்திப் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். குரலே மாறிவிட்டது.

"நூத்தியெட்டு காட்டுதே. ஆளு நின்னு பேசுகாரு."

"கல்ஃபுக்க சூடாக்கும். ரெண்டு வருஷமா ஒடம்புல ஊறிக் கெடக்கு" என்றார் சிஸ்டர்.

செக்ரட்டறி கேட்டைத் திறந்துவிட்டு இளநீர் வெட்டச் சொல்ல ஓடினார். தெர்மாமீட்டர் சாயாவில் கிடந்தது அவர் கண்ணில் படவில்லையா, பட்டும் படாதது போல இருந்துவிட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர்மேல் ஒரு சின்ன சந்தேகம் உண்டு, நல்லவராக இருந்திருப்பாரோ என்று.

இப்படியாக அப்பா எங்கள் கேம்பின் நோயாளி ஆனார். காலையில் ஒன்பது மணிக்கு வரவேண்டும், சாயங்காலம் ஐந்துக்குப் போகவேண்டும். எனக்கு வயிற்று நோவு என்று பக்கத்துப் பெஞ்சில் படுக்கை.

சேதி பரவ எவ்வளவு நேரம்? மறுநாள் கேட்டில் பதினெட்டுப் பெற்றோர், எல்லாருக்கும் கடும் காய்ச்சல். ஒரு அம்மா நெற்றியில் ஈரத்துணியோடு வந்திருந்தார். செக்ரட்டறி சுவரைப் பிடித்துக்கொண்டார், கேம்ப் இன்றோடு முடிந்தது என்று நினைத்திருப்பார். நானும் அப்பாவை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டேன். சிஸ்டர் நாற்காலியை கேட்டுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டார்.

"பிள்ளையக் கண்டு எத்தன நாளாச்சு?"

"ஆறு நாளு சிஸ்டரே."

"ரெண்டு வருஷம் ஆனவரு உள்ள கெடக்காரு. அவருக்கு மேல உங்களுக்குச் சொகமில்லண்ணா சொல்லுங்கோ, உள்ள விடுதேன்."

ஈரத்துணி அம்மா துணியைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, "பாவம் அந்த ஆளு, நல்லாப் பாத்துக்கிடுங்கோ" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பார்க்கப் போனார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

ஊரில் அப்பா லீவுக்கு வந்தால் அவர் எங்கள் அப்பா இல்லை, ஊர்ச்சொத்து. வீடு நிறைய ஆள் இருக்கும். விசா கேட்பவர், சென்ட் கேட்பவர், ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருப்பவர். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பதோடு சரி. சிக் ரூமில் வேறு யாரும் இல்லை. அப்பா எனக்கு நகம் வெட்டிவிட்டார். என் சிநேகிதிகளின் பெயரையெல்லாம் கேட்டார், மறுநாள் மறந்து மறுபடியும் கேட்டார். அங்கே உங்களுக்கு என்ன வேலை என்று நானும் கேட்டேன். குழி தோண்டி பெரிய பெரிய பைப் இறக்குகிற வேலையாம். அதுவரை ஏசி போட்ட ஆபீஸ் என்று நினைத்திருந்தேன். அந்த லீவில் அப்பா எனக்கு மட்டும் என்று கிடைத்தது அந்த நாட்கள்தான். அவ்வளவு நேரமும் சிஸ்டர் வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வருகிற வயிற்று வலிகளையெல்லாம் வெளியிலேயே வைத்துப் பார்த்து அனுப்பினார்.

அடுத்த வருஷ நோட்டீஸில் முதலுதவி வரி இல்லை. சிஸ்டர் இருந்தார்.

அந்த லீவு முடிந்து அப்பா திரும்பிப் போன நாளில் அம்மாவும் சொந்தக்காரர்களும் ஏர்போர்ட் போனார்கள். நான் போகமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் படலைத் தள்ளிக்கொண்டு சிஸ்டர் வந்தார், கையில் ஒரு காலிப் பை.

"பனச்சமூடு சந்தையில மரச்சீனிக் கெழங்கு வாங்க வந்தேன். வெயிலு கொஞ்சம் தாழட்டும். இத்திரி வெள்ளம் தா மக்கா."

தண்ணீரைக் குடித்துவிட்டு நடையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் சட்டைப் பொத்தானை விழுங்கியவன் கதையைச் சொன்னார், பல்செட்டை மாற்றி மாட்டிக்கொண்ட கிழவர்கள் கதையைச் சொன்னார். நான் சிரித்தேன், நடுநடுவே அழுதேன். அழாதே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, அழுகை முடிகிற வரை கதையை நிறுத்தி வைத்திருந்தார், அவ்வளவுதான். அம்மா வந்து சேர நாலு மணி ஆயிற்று. அம்மாவைக் கண்டதும் எழுந்து, பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, "வாறேன்" என்று நெய்யாற்றின்கரை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

சில நாள் கழித்து அம்மா மரச்சீனி வாங்கி வரச் சொன்னபோது, "இன்னைக்கு சந்தை உண்டா?" என்று கேட்டேன். சந்தை கூடுகிற கிழமைகளை அம்மா சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, சிஸ்டர் வந்த அன்று பனச்சமூட்டில் சந்தையே கிடையாது.