பார்வையாளர் திருமலை

மகளுக்கு டெங்கு காய்ச்சல் குணமானால் மொட்டை போடுவதாகத் திருத்தணி முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்த திருமலை, அவள் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் போய்த் தலைமுடியோடு மீசையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தான். இதில் சட்டவிரோதமாக எதுவும் இல்லை. திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்குச் சேரப்பணஞ்சேரியிலிருந்து கம்பெனி பஸ் ஏறி, ஒரகடத்தில் தான் வேலை பார்க்கும் கார் சீட் தயாரிக்கும் கம்பெனிக்கு வந்து, வாசலில் உள்ள வருகைப்பதிவு மெஷினில் முகத்தைக் காட்டினான்.

மெஷின் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தது. பிறகு ஒரு பெண் குரலில், "முகம் பொருந்தவில்லை" என்றது.

திருமலை சிரித்துக் காட்டினான். முறைத்துக் காட்டினான். ஆள்காட்டி விரலை மூக்குக்குக் கீழே மீசை மாதிரி வைத்துக் காட்டினான். பொருந்தவில்லை.

"நீ திருமலைன்னு எனக்குத் தெரியும்பா" என்றார் வாசல் செக்யூரிட்டி. "ஆனா எனக்குத் தெரிஞ்சா அது ரெக்கார்டு ஆவாது. எச்.ஆர்.ல போய்ப் பாரு."

மனிதவளப் பிரிவில் பிரவீன் என்ற இளைஞர் இருந்தார். எந்தச் சிக்கலையும் சிரித்த முகத்தோடு வரவேற்பதற்குப் பயிற்சி பெற்றவர்.

"இது ஒண்ணுமே இல்லைங்க. புது முகத்தைப் பதிவு பண்ணிட்டா முடிஞ்சுது."

"பண்ணிடுங்க சார்."

"அதுக்கு நீங்க சிஸ்டத்துக்குள்ள போகணும்."

"எப்டி சார் போறது?"

"உங்க பழைய முகத்தைக் காட்டி."

அதற்குள் சூப்பர்வைசர் எல்லப்பன், லைன் நிற்கிறது என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். ஆள் உள்ளே வர வேண்டும், ஆனால் தொழிலாளியாக வர முடியாது என்ற நிலையில், அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பார்வையாளர் பாஸ். வாசலில் மொட்டைத் தலையோடு படம் எடுத்தார்கள். திருமலை என்று பெயர் போட்டால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஓர் ஊழியர் இருப்பதாகக் கம்ப்யூட்டர் மறுத்தது. எனவே பெயர்: பார்வையாளர். யாரைப் பார்க்க வந்தார்: திருமலையை.

அன்றிலிருந்து திருமலை தினமும் திருமலையைப் பார்க்க வந்தான். வந்தவன் சும்மா இராமல் சீட் உறை தைத்தான். கேன்டீனில் பார்வையாளர்களுக்குத் தனி மேஜை, பாயசம் உண்டு. ஒரு குறையும் இல்லை.

ஆனால் கம்ப்யூட்டர் கணக்கில் திருமலை என்னும் ஊழியர் தொடர்ந்து வேலைக்கு வரவில்லை. 'தாங்கள் முன்னறிவிப்பின்றிப் பணியைக் கைவிட்டமைக்கான காரணத்தை விளக்குக' என்று அவன் பெயருக்கு ஒரு நோட்டீஸ் அச்சாகி வந்தது. அதை வாங்கிக்கொள்ளச் சொல்லி, லைனில் தைத்துக்கொண்டிருந்த அவனிடமே நீட்டினார்கள்.

திருமலை கையெழுத்துப் போடவில்லை. முதலில் சட்ட ஆலோசனை பெற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

சட்ட ஆலோசனைக்கு அந்த வட்டாரத்தில் பஞ்சமே இல்லை. ஷிப்ட் பஸ் எங்கே வருகிறது என்று கேட்பதற்காக ஆரம்பித்த ஒரு வாட்ஸ்அப் குழு, நாளடைவில் 'ஒரகடம் சட்ட உரிமைக் குழு' என்று வளர்ந்திருந்தது. பஸ் எங்கே என்று இப்போது கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. ஜாமீன் எப்படி வாங்குவது என்று கேட்டால் முப்பது பதில் வரும். அதன் தலைமை ஆலோசகர் ஃபிரடி, படப்பைக்காரர், பக்கத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். ஹெல்மெட் போடாத கேஸில் ஒருமுறை ஸ்ரீபெரும்புதூர் கோர்ட் வராந்தாவில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருந்ததால் அவருக்கு நீதிமன்ற அனுபவம் இருந்தது. அடுத்த இடத்தில் கலைமணி. வாலாஜாபாத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எத்தனையோ பத்திரங்கள் அவர் கை வழியாகப் போயிருக்கின்றன.

திருமலை தன் கதையைக் குழுவில் போட்டான். முதல் பதில் எழிலரசியிடமிருந்து வந்தது. அந்தக் குழுவில் சட்டம் படித்தவர் அவர் ஒருவர்தான். ஸ்ரீபெரும்புதூரில் வக்கீலாக இருக்கிறார். அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

"நோட்டீஸை வாங்கிக்குங்க. மொட்டை போட்டதால மெஷினுக்கு அடையாளம் தெரியலன்னு ஒரு பதில் எழுதி, ஆதார் நகலோட கொடுங்க. கொடுத்ததுக்குக் கையெழுத்து வாங்கிக்குங்க. போதும்."

குழுவில் ஒரு அதிருப்தி பரவியது. இவ்வளவு சுலபமாக இருந்தால் அது சட்டமா?

ஃபிரடி குரல் பதிவில் வந்தார். "தம்பி, அவசரப்படாத. நோட்டீஸ் யாருக்கு வந்துகீது? திருமலைக்கு. நீ திருமலைன்னு கம்பெனி ஒத்துக்கினாங்களா? இல்ல. அப்ப நீ அத்த வாங்கிப் பிரிச்சா, அடுத்தவன் தபாலப் பிரிச்ச குத்தம். உள்ள தூக்கி வச்சிடுவான்."

நல்லவேளை, கையெழுத்துப் போடவில்லை.

"அப்ப இன்னாண்ணே செய்யறது?"

"எவன் கேட்டாலும் திருமலைன்னு ஒத்துக்காத. இல்லன்னும் சொல்லாத. அதான் சட்ட நிலைப்பாடு."

எழிலரசி மறுபடி எழுதினார்: "சட்டம் படிக்காதவங்க இப்படி ஆலோசனை சொல்றது சரியா? ஒருத்தர் வேலை போயிடும்."

கலைமணி உடனே பதில் போட்டார்: "படிக்காதவன் சொல்லக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? காட்டுங்க. காட்டினா, அது செல்லுமா செல்லாதான்னு நாங்க பார்த்துச் சொல்றோம்." நூற்றுக்கணக்கில் கைதட்டல் படங்கள் விழுந்தன. ஒழுங்கான வக்கீல் என்றால் இரண்டு செக்‌ஷனாவது சொல்லியிருக்க மாட்டாரா என்று ஒருவர் சந்தேகம் எழுப்பினார். போலி வக்கீல்களிடமிருந்து உறுப்பினர்களைப் பாதுகாக்கும் பொருட்டு எழிலரசி குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.

இதற்கிடையில் பிரவீன், திருமலையின் மனைவி ரத்னாவுக்குப் போன் செய்தார்.

"மேடம், உங்க கணவர் வேலைக்கு வர்றதில்லை. எங்க இருக்கார்னு தெரியுமா?"

"தெனமும் உங்க பஸ்லதான சார் வர்றாரு."

"இல்ல மேடம். அவர் சீட்ல வேற ஒருத்தர் வர்றாரு."

அன்று சாயங்காலம் சோறு போடும்போது ரத்னா புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். "நான் நாளைக்கு வந்து இவருதான் என் வூட்டுக்காரருன்னு சொல்றேன். இன்னா பண்ணிடுவாங்க?"

திருமலை அதையும் குழுவில் கேட்டான். ஃபிரடி தடுத்துவிட்டார். திருமலை இல்லை என்று கம்பெனி சொல்லும் ஆளோடு குடும்பம் நடத்துவதாக ரத்னா எழுத்து மூலம் ஒத்துக்கொண்டது போலாகிவிடுமாம். ரத்னா குழம்புக் கரண்டியை ஓங்கி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நோட்டீஸுக்குப் பதில் வராததால் கம்பெனியில் விசாரணை நடந்தது.

"உங்க பேர்?" என்று கேட்டார் பிரவீன்.

"அதான சார் விசாரணையே."

"நீங்க திருமலையா, இல்லையா?"

"ஒத்துக்கல. மறுக்கவும் இல்ல."

"சரி, கம்பெனிக்கு எதுக்கு வர்றீங்க?"

"திருமலையப் பார்க்க."

"அவர்தான் வரலையே."

"அதான் சார், வர வரைக்கும் தச்சிக்கினு இருக்கேன்."

பிரவீனுக்கு உள்ளூர அவன்மேல் மரியாதை வந்தது. ஆனால் விதி விதிதான். விளக்கம் தராத திருமலை பணியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த உத்தரவின் நகலை லைனிலேயே ஒட்டினார்கள். ஒட்டும்போது டேப் பிடித்துக் கொடுத்தவன் திருமலை. பார்வையாளர் தைப்பதற்குத் தடை ஏதும் விதிக்கப்படவில்லை. அவனுக்குரிய தொகை, டீ, பிஸ்கட்டோடு சேர்த்து 'உபசரிப்புச் செலவு' என்ற தலைப்பில் வந்தது. முன்னைவிடக் கொஞ்சம் குறைச்சலாக.

முடி வளர்வதை யாரும் யோசிக்கவில்லை. ஒருநாள் காலை மெஷின் தானாகவே, "வணக்கம், திருமலை" என்றது.

செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தார். "திருமலைய வேலய விட்டுத் தூக்கியாச்சுப்பா. உள்ள விட முடியாது."

"அப்ப பார்வையாளர் பாஸ்ல விடு."

"அது மொட்டை ஆளோடது. உனக்குத்தான் முடி கீதே."

திருமலை வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தான். புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு லாரிகள் வரிசையாகப் போயின. அந்தக் கார்களில் அவன் தைத்த சீட் இருக்கும். மகளுக்கு ஸ்கூல் திறக்கப் போகிறது. வெட்கத்தை விட்டு எழிலரசிக்குப் போன் செய்தான்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. தொழிலாளர் கோர்ட்டுக்குப் போகலாம். இருக்கற பேப்பரையெல்லாம் எடுத்துட்டு வாங்க. நான் பார்க்கறேன்."

"எவ்ளோ நாளாவும் மேடம்?"

"உறுதியாச் சொல்ல முடியாது."

அடுத்து ஃபிரடிக்குப் போன் செய்தான்.

"பத்து நிமிஷம்" என்றார் ஃபிரடி. "பக்கத்துல சலூன் இல்ல?"

மறுபடி மொட்டை போட்டுக்கொண்டு திருமலை பார்வையாளராக உள்ளே போனான். குழுவில் வெற்றி கொண்டாடப்பட்டது.

அதன் பிறகுதான் மற்றவர்களும் யோசிக்க ஆரம்பித்தார்கள். பார்வையாளரை யாரும் ஏன் லேட் என்று கேட்க முடியாது. கட்டாய ஓ.டி. கிடையாது. நோட்டீஸ் கிடையாது. படப்பை சலூன்களில் க்யூ நின்றது. கொஞ்ச நாளில் முதல் ஷிப்ட் முழுக்கப் பளபளவென்று வந்து இறங்கியது. பிரவீன் பயந்துபோய்த் தன்னுடைய மனிதவளத் தோழர்கள் குழுவில் கருத்துக் கேட்டார். அங்கேயும் ஒரு வக்கீல்கூட இல்லை என்பதால் பதில் உடனே கிடைத்தது. பார்வையாளருக்கு பி.எஃப். இல்லை, போனஸ் இல்லை, விபத்து என்றால் பொறுப்பும் இல்லை; இந்த ஏற்பாட்டைக் கலைத்துவிட வேண்டாம்.

ஆய்வுக்கு ஓர் அரசு அதிகாரி வந்தார்.

"எத்தனை தொழிலாளர்?"

"ஒருத்தரும் இல்லை சார்" என்றார் பிரவீன்.

"இவங்கெல்லாம்?"

"பார்வையாளர்கள்."

"என்ன பார்க்கறாங்க?"

"சீட் எப்படித் தைக்கறதுன்னு. ரொம்பக் கிட்டத்துல இருந்து பார்க்கறாங்க."

தொழிலாளர் எவரும் இல்லாததால் தொழிலாளர் குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்ட அதிகாரி, திருமலையைத் தனியே கூப்பிட்டு ஒரகடம் சட்ட உரிமைக் குழுவில் சேர்வது எப்படி என்று விசாரித்துக்கொண்டு போனார்.

இப்போது திருமலையும் குழுவில் ஓர் ஆலோசகன். நேற்று வாலாஜாபாத்திலிருந்து அற்புதமேரி என்பவர் கேட்டிருந்தார்: "எங்க கம்பெனில என்னைய நிறுத்திட்டாங்க. பொம்பளைங்களும் மொட்டை போடணுமா அண்ணா?"

திருமலை யோசித்தான். எழிலரசியின் நம்பர் அவனிடம் இருந்தது. அதைக் கொடுத்தால், பேப்பரைக் கொண்டு வாருங்கள், பார்க்கிறேன் என்பார். அந்தம்மாவுக்கு வேண்டியது உடனடியாக ஒரு பதில். குழுவே காத்திருந்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு குரல் பதிவை அழுத்தினான்.

"பொம்பளைங்களுக்கு மொட்டை வேணாம்மா. சட்டப்படி புருவம் எடுத்தா போதும்."

கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. அவற்றுக்குக் கீழே ஆய்வுக்கு வந்த அதிகாரியின் செய்தி வந்து நின்றது: "சார், எங்க ஆபீஸ்லயும் அந்த மெஷின் வைக்கப் போறாங்க. புருவம் மட்டும்னா அரசு ஊழியருக்கும் செல்லுமா? கொஞ்சம் அவசரம்."