குஸ்தி எழுத்தில் என் கல்யாணம்

என் கல்யாணத்தைக் குஸ்திப் போட்டி என்று நினைத்து ஆட்கள் டிக்கெட் வாங்க வந்தார்கள். தப்பு என்னுடையதுதான். வெட்கமா? கொஞ்சம். பெருமையா? அதைவிட நிறைய.

ஐம்பதுகளின் கடைசியில் சிராங்கூன் சாலைப் பக்கம் காதர் பாயின் அச்சகத்தில் வேலை பார்த்தேன். குஸ்திப் போட்டிகளுக்குச் சுவரொட்டி அடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. எங்களிடம் இருந்த ஈய எழுத்துகளில் அவ்வளவு பெரிது கிடையாது. அதனால் பலகையில் நானே எழுத்துகளைச் செதுக்கினேன். உளி மொக்கை, என் பொறுமை அதைவிட மொக்கை. ஓரமெல்லாம் நாய் கடித்த மாதிரி பிய்ந்து நின்றது. ஆனால் என்ன தடிமன்! மை தடவி அடித்தால், ஓடும் பஸ்ஸில் இருப்பவனும் திரும்பிப் பார்ப்பான். கொஞ்ச நாளில் நகரத்துச் சுவரெல்லாம் என் எழுத்துதான். (செதுக்கியது யாரென்று எவனும் கேட்டதில்லை. மடையர்கள்.)

அந்தத் திமிரில் என் கல்யாணத்துக்கும் அதே எழுத்தில் சுவரொட்டி அடித்தேன். இடப்பக்கம் வீராசாமி, அதாவது நான். வலப்பக்கம் சரோஜா. கீழே, ஞாயிறு காலை ஒன்பது மணி. எல்லாம் சிவப்பு மை.

"ஏன்டா, பாக்குறவன் பயப்பட மாட்டானா?" என்றார் காதர் பாய்.

"சும்மா இருங்க பாய். உங்களுக்கு அழகு தெரியாது."

பஸ் நிற்கும் இடத்திலிருந்து மண்டபம் வரை தூணுக்குத் தூண் ஒட்டினேன்.

மேளம் தொடங்கியபோது வாசலில் கூட்டம். ரிக்‌ஷா ஓட்டும் சீனர்கள், துறைமுகத்து மலாய்க்காரர்கள். தமிழில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாதவர்கள். எழுத்தின் முரட்டு உருவத்தைப் பார்த்தே குஸ்தி என்று முடிவுகட்டியிருந்தார்கள். முன்னால் நின்றவர் காசை நீட்டி, "டிக்கெட் பெராப்பா?" என்று மலாயில் விலை கேட்டார். கேட்டது என் மாமனாரிடம்.

மாமனார் துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. மரியாதை போனால் உயிரே போனது என்பவர். வெளியே போய்த் தூணைப் பார்த்துவிட்டு, முகம் சிவந்து வந்தார்.

"எம் மவள குஸ்திக்கா அனுப்புறேன்? எந்திரி சரோஜா, வீட்டுக்குப் போவோம்!"

தாலி இன்னும் தட்டில்தான் இருந்தது. (ஊர்ச் சண்டைக்கெல்லாம் எழுத்து செதுக்கியவன், மாமனார் கத்தியதும் ஐயருக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன்.)

சரோஜா என் பக்கம் திரும்பினாள். "வர்ற வழியில பாத்தேன். அந்த எழுத்த யாரு செதுக்குனது?"

"நான்தான்."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "எம் பேர இவ்ளோ பெருசா எவனும் எழுதுனதில்லப்பா. எனக்குப் புடிச்சிருக்கு, நீங்க உக்காருங்க. வாசல்ல நிக்குறவங்களையும் உள்ள கூப்பிடுங்க. சாப்பாடுதான் நிறைய இருக்குல்ல?"

மாமனார் உட்கார்ந்தார். நான் தாலி முடிச்சுப் போட்டபோது பின்வரிசை முழுக்க எழுந்து விசிலடித்தது.

இன்றைக்கும் நாங்கள் குரலை உயர்த்தினால், பேரப்பிள்ளைகள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "தாத்தா, டிக்கெட் பெராப்பா லா?" என்கிறார்கள். இத்தனை வருடத்தில் ஜெயித்தது எப்போதும் வலப்பக்கத்துப் பெயர்தான்.