அறுபது தாண்டிய ஒருவர்

“பாதிக் கட்டணம்னா போலாம். இல்லேன்னா இந்த வருஷமும் மொட்டை மாடியிலயே காத்து வாங்கலாம்” என்று மனைவியின் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அவளுடைய தங்கை கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று வருஷம் முழுக்கக் கேட்டு அவருக்கு வாய் அலுத்துவிட்டது. பதில்களைக் கேட்டுக் காதும் அலுத்துவிட்டது. கடலோரத்தில் ஒரு வாரம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. அதற்காகத்தான் இரண்டு குடும்பமும் சேர்ந்து போக ரயில் கட்டண விவரத்தை அச்செடுத்து வந்திருந்தார்.

அக்காவின் கணவரான சகலை அந்தத் தாளை வாங்கி, கையை முழுசாக நீட்டிப் பிடித்துப் படித்தார்.

“படிக்கிறதுக்கு ஒரு கண்ணாடி போட்டுத் தரேன்னு எத்தன தடவ சொல்றது?”

“அதெல்லாம் வயசானவங்களுக்கு, அண்ணே.”

முறைப்படி சகலைதான் மூத்தவர். ஆனால் தலைமுடியைக் கன்னங்கரேல் என்று வைத்திருந்த அவர், இவரைத்தான் அண்ணே என்பார். கடைக்காரரும் பழகிப்போய்விட்டார்.

தாளில் ஒரு சலுகை இருந்தது. குழுவில் அறுபது வயது தாண்டிய ஒருவர் இருந்தால் எல்லாருக்குமே பாதிக் கட்டணம்.

“நம்மள்ல யாரு இருக்கா அப்படி?” என்று மனைவி உதட்டைப் பிதுக்கினாள்.

சகலை தொண்டையைச் செருமிக்கொண்டார். “மாமாவக் கூப்பிடலாமே.”

மனைவி எழுந்துபோய் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். அக்கா தங்கை இருவருக்கும் தாய்மாமா அவர்; பக்கத்து வீடு. வீட்டில் வைத்த பெயர் ரேடியோ மாமா. தன் பித்தப்பையிலிருந்து எடுத்த கல்லை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். யாராவது சிக்கினால் கல்லைக் காட்டி, ஆபரேஷனை ஆரம்பத்திலிருந்து சொல்லுவார். அவர் காதுக்கு எட்டக்கூடாது என்றுதான் இத்தனை நாளும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். மாமா தலை தெரிந்தாலே குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்கிறவர் சகலை.

“நீங்களா இதச் சொல்றீங்க?”

“குடும்பத்துக்காகத்தானே அண்ணே.”

கடைக்காரர் மனதைத் திடப்படுத்திக்கொண்டு மாமாவைக் கூப்பிடப் போனார்.

“கடல் காத்து எனக்கு ஆகாது மாப்ள. மலைன்னா வரேன்” என்றார் மாமா.

கடல் மலையானது. மலையில் விடுதி பார்த்தால், தம்பதிகளுக்கும் பிள்ளைகளுக்கும் போக ஒரே ஓர் இரட்டைக் கட்டில் அறைதான் மிச்சம். அதையும் எடுத்தார்.

“தனி அறையெல்லாம் எனக்கு ஒத்து வராது. நீங்க என்கூடப் படுத்துக்கங்க மாப்ள. ரயில்லயும் பக்கத்து சீட்டு. ஆபரேஷன் கதைய நீங்க முழுசாக் கேட்டதே இல்ல” என்றார் மாமா.

கடைக்காரர் அதற்கும் தலையாட்டினார். அடுத்து மாமாவின் பூனை வந்தது. அதை விட்டுவிட்டு வர முடியாதாம்.

“பூனைதானே, நான் தூக்கிட்டு வரேன்” என்று சகலை முந்திக்கொண்டார். பூனை முடி பட்டாலே அவருக்குத் தும்மல் நிற்காது. இப்படியும் ஒரு தங்கமான மனுஷனா என்று கடைக்காரர் உருகிப்போனார்.

டிக்கெட் எடுக்கப் பெரியவர்கள் எல்லாருமே போனார்கள். பூனையும் போனது. கவுண்டரில் இருந்த பெண், “எல்லாரோட அடையாள அட்டையும் குடுங்க” என்றாள்.

சகலை கடைக்காரரை ஓரமாக இழுத்தார். “அண்ணே, நான் மட்டும் முழுக் கட்டணம் குடுத்துத் தனியா எடுத்துக்கிறேன்.”

“எதுக்கு?”

“யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது பாருங்க. அச்சூ.”

கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. “பூனையும் தூக்கணும், முழுக் காசும் குடுக்கணுமா? நான் இருக்கிற வரைக்கும் அது நடக்காது.” இரண்டு கையாலும் பூனையைப் பிடித்திருந்த சகலையின் சட்டைப்பையிலிருந்து அட்டையை உருவி, மற்றவற்றோடு சேர்த்து உள்ளே நீட்டினார்.

“இவரும் எங்க கூட்டம்தாம்மா.”

பின்னால் மாமா பாட்டிலை எடுத்து, வரிசையில் நின்ற யாரோ ஒருவருக்குக் காட்ட ஆரம்பித்திருந்தார். சகலை திரும்பி நின்று, சுவரில் இருந்த ரயில் நேரப் பட்டியலைத் தும்மித் தும்மிப் படித்துக்கொண்டிருந்தார். அக்கா கவுண்டர் பக்கமாக நகர்ந்து வந்தாள்.

அந்தப் பெண் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அதில் இரண்டை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். மாமாவைப் பார்த்தாள். சகலையின் கறுத்த பின்மண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அறுபது தாண்டினவர் ஒருத்தர் இருந்தாலே போதுமே சார், எதுக்கு ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?”