அம்மியில் வைக்க வேண்டிய கால்

தாலி கட்டிய கையோடு புருஷனை மணமேடையிலேயே எட்டி உதைத்தவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் அதை நம்புகிறவர்கள் எங்கள் வீட்டில் குறைவு.

கல்யாணம் நெருங்கிய நேரத்தில் என் வலது கால் கட்டைவிரலில் நகம் ஓரமாகச் சதைக்குள் வளர ஆரம்பித்தது. டாக்டரிடம் போனால் கத்தி வைப்பார், கட்டுப் போடுவார், கல்யாணம் தள்ளிப்போகும் (மாப்பிள்ளை வீட்டுத் துக்கத்தால் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போயிருந்தது). அதனால் நானே டாக்டரானேன். பிளேடை எடுத்து நகத்தின் மூலையைத் தோண்டித் தோண்டி வெட்டினேன். விரல் வீங்கிச் சீழ் வைத்தது. வீக்கம் தெரியக் கூடாதென்று மருதாணியை அப்பிக்கொண்டேன். அவ்வளவு புத்திசாலி.

தாலி ஏறியதும் அப்பாடா என்று மூச்சு விட்டேன். அடுத்தது அம்மி என்பதையே மறந்துவிட்டேன். ஐயர் சொன்னதும் என் வீட்டுக்காரர் குமரன் குனிந்து, அதே கட்டைவிரலைக் கெட்டியாகப் பிடித்துக் காலைத் தூக்கினார்.

உயிர் போய் வந்தது. கால் தானாகக் கிளம்பி அவர் தாடையில் இறங்கியது. மனுஷன் மல்லாந்து கிடந்தார். மேளக்காரரே வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"இன்னாம்மா இது, உம் பொண்ணுக்கு இஷ்டமில்லாத கல்யாணமா?" என்று மாமியார் என் அம்மாவைக் கேட்டார். அம்மா அழத் தொடங்கினாள். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

எழுந்து உட்கார்ந்த குமரன் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "யம்மா, சும்மா இரு. வெரலு சீ வச்சிக்கினு கீது," என்றார். பிறகு என்னிடம், "இத்த வச்சிக்கினா இம்மா நேரம் நின்னுக்கினு இருந்தே?" என்றார். குதிகாலை ஏந்தி, காலை அம்மியில் மெதுவாக வைத்து மெட்டி போட்டார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் விருந்தை விட்டுவிட்டு பைக்கில் உத்திரமேரூரில் ஒரு டாக்டரிடம் போனோம். விரல் மரத்துப்போக இரண்டு பக்கமும் ஊசி, வலித்தது அதுதான். பிறகு புதைந்திருந்த ஓரத்தை மட்டும் நீளவாக்கில் வெட்டி உருவினார். அந்தப் பக்கம் மறுபடி முளைக்காமலிருக்க வேரில் மருந்து தடவினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தைரியம் சொல்லி என் கையைப் பிடித்திருந்தவர்தான் மயங்கிச் சரிந்தார் (நர்ஸம்மா முதலில் அவரைத்தான் கவனித்தார்).

"நகத்தை நேராக வெட்டணும், மூலையைத் தோண்டக் கூடாது" என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். கேட்டுக்கொண்டவர் குமரன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார், "எம் மருமவ அம்மியையா மெறிச்சா? எம் புள்ளையத்தான் மெறிச்சா," என்று ஆரம்பித்துவிடுவார். இன்றைக்கும் என் கால் நகங்களை வெட்டுவது குமரன்தான். நேராகத்தான் வெட்டுகிறார். தலையை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறார்.